ரெனிட்டா போட்ட ஃபர்ம்வேர்

ஆயுத பூஜையன்று பொட்டு வைத்து ஓய்வு கொடுத்த சர்வர், விஜயதசமி காலையில் சுவிட்சைப் போட்டதும் பாதியிலேயே நின்றுவிட்டது. வீடுகளின் போன் லைனை இன்டர்நெட்டில் இணைப்பதே அதுதான். மேற்கு மாம்பலத்திலிருந்து மட்டும் எத்தனை போன்! சீரியல் போர்ட்டில் மாட்டிய டெர்மினல் திரையில் ஒரே குறி வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது.

"ரெனிட்டா போட்ட புது ஃபர்ம்வேர்தான் மேடம்," என்றான் சீனியர் முகுந்தன். சர்வரைக் கிளப்பிவிடும் மென்பொருளைத்தான் சொன்னான். "நான் அப்பவே வேணாம்னேன்."

"பூஜைக்கு முன்னாடி நல்லா பூட் ஆச்சே சார்?" என்றாள் ரெனிட்டா.

"இப்ப ஆவலையே! சாந்தோம்ல ஏதாவது டைப்பிங் கிளாஸ்ல போய் வேல பாரு. அதான் உனக்கு சரி."

முதலாளி விஜயலக்ஷ்மியும் பொறுமை இழந்தாள். "நாளைலேர்ந்து வர வேணாம்மா."

பையை எடுக்கப் போன ரெனிட்டா டெர்மினல் அருகே குனிந்து பார்த்தாள். கைக்குட்டையை நனைத்து அதன் கீபோர்டைத் துடைத்தாள். சர்வரை அணைத்து மறுபடி போட்டாள்.

மோடம் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

"என்டர் கீ அமுங்கியே கெடந்துது மேடம். பூட் ஆவும்போது கீ அமுங்கினா அது நின்னுடும். சந்தனம் காஞ்சு ஒட்டிக்கிச்சு."

"கீபோர்டுக்கெல்லாமா பொட்டு? யாரு வச்சது?"

ரெனிட்டா முகுந்தனை ஒருமுறை பார்த்தாள். பூஜையில் அவனுக்குச் சந்தனத் தட்டு பிடித்தவள் அவள்தான்.

"எல்லாருமாத்தான் வச்சோம் மேடம்."

முகுந்தனுக்குத் தலை நிமிரவில்லை. நகக்கண்ணில் இன்னும் சந்தனம் ஒட்டியிருந்த மோதிர விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.