சிவந்த வில்லை

செல்போன் டவர் ஏறுகிறவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் வில்லை பச்சையாக இருக்கும்வரைதான் வேலை. உடம்பில் படும் அலை அளவு மீறினால் அது சிவந்துவிடும். அப்புறம் பதினைந்து நாள் வீட்டில்தான் இருந்தாக வேண்டும். வால்பாறையில் வேலை பார்த்த இசக்கிராஜாவின் வில்லை பத்தே நாளில் சிவந்தது.

கம்பெனி டாக்டர் அதைக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு முறைத்தார். "இது டவர் அலை இல்லப்பா, போன் அலை. நாள் முழுக்க யார்கிட்ட பேசுற?"

"பேசல சார்." அவன் சட்டைப் பையில், வில்லை இருந்த இடத்துக்குப் பின்னால், போன் அப்போதும் அழைப்பில்தான் இருந்தது. "கல்யாணமாகி மூணு மாசம்தான் ஆகுது. அவ ஊர்ல குக்கர் வைப்பா, நான் இங்க விசில் எண்ணுவேன். அவளுக்கு மலைக்காத்து கேக்கும்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "போனைத் தள்ளி வை. உடம்பு முக்கியம்."

சங்கரன்கோவில் வீட்டில் பதினைந்து நாளும் போனதே தெரியவில்லை. கிளம்புகிற காலையில் புது வில்லையை மனைவி கோமதியே அவன் சட்டையில் குத்திவிட்டாள்.

"டாக்டர் சொல்றது சரிதாங்க. போனைத் தள்ளியே வைங்க," என்றவள், வில்லையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். "படுக்கும்போது இதை மட்டும் கழட்டி, போன் மேல வச்சிருங்க."