திருட்டுக் கடிகாரம்

"அது திருட்டுக் கடிகாரம், சார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்க வெளிய போனதும், முதலாளியே ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைப் பின்னால தள்ளுறார். தள்ளிட்டு வண்டியேறி வீட்டுக்குப் போனா, மறுநாள்தான் வருவார். என் கண்ணால பார்த்தேன்."

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வீட்டுப் பின்வாசலில் நின்று நெசவு மில் தொழிலாளி ஜசிந்தோ இதைச் சொன்னார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. இன்ஸ்பெக்டரையும் அவர் முழுசாக நம்பவில்லை. சட்டம் போடுகிறவனும் அதை மீறுகிறவனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தின்கிறவர்கள் என்பது அவர் எண்ணம்.

"பொய்யா இருந்தா உன் வேலை போயிடும், தெரியுமில்ல?"

"நிஜமா இருந்தா?"

"மில்லுக்கு அபராதம். ஆறு மணிக்கு மேல ஒரு பொம்பளையையும் நிறுத்தி வைக்க முடியாது."

"அப்ப வாங்க. எந்த நாள்னு என்கிட்டகூடச் சொல்ல வேண்டாம்."

பெண்களை இத்தனை மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று மாசச்சூசெட்ஸில் புதுச் சட்டம் வந்திருந்த வருஷம் அது. சட்டம் கொடுத்ததை முதலாளி கிரிம்ஷா கடிகாரத்தை வைத்துப் பிடுங்கப் பார்த்தார். தொழிலாளி யாரும் கடிகாரம் கொண்டுவரக் கூடாது. வாசலிலேயே மேஸ்திரி வாங்கி வைத்துக்கொள்வார். தறிக்கூடத்துச் சுவர்க் கடிகாரம் ஆறு காட்டினால்தான் சங்கு ஊதும்.

மில்லில் ஒருவரிடமும் ஜசிந்தோ மூச்சு விடவில்லை. அங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் கோள்சொல்லிகள், மீதிப்பேர் மேஸ்திரியின் ஆட்கள் என்பார். மத்தியானம் சோள ரொட்டியையும் கருவாட்டையும் எடுத்துக்கொண்டு தனியாக வாய்க்கால் கரைக்குப் போய்விடுவார்.

"பெரிசு, எங்ககூட உக்காந்தா உன் கருவாட்டைத் தூக்கிட்டு ஓடிடுவோமா?" என்று நெசவுக்காரி இதலினா கேட்பாள்.

"கருவாட்டை மட்டுமா?" என்பார் அவர்.

வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்து தறிகள் ஓடத் தொடங்கியதுமே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். முதலாளியை வீட்டிலிருந்து பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக் கூட்டி வந்திருந்தார். கழுத்தில் சொருகிய துண்டுகூட அப்படியே இருந்தது. தறிகளை நிறுத்தினார்கள்.

ஜசிந்தோ முன்னால் வந்து சுவர்க் கடிகாரத்தை நோக்கிக் கையை நீட்டினார். "இதுதான் சார்."

இன்ஸ்பெக்டர் தன் கடிகாரத்தை வெளியே எடுத்தார். அன்று காலை ரயில் நிலையத்தில் நேரம் சரிபார்த்தது. சுவரைப் பார்த்தார். கையைப் பார்த்தார். தன் கடிகாரத்தைத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார்.

"துளிகூட வித்தியாசமில்லையே!"

ஜசிந்தோ நீட்டிய கையை இறக்கினார். ஆனால் அவரைவிட அதிகமாக வெளிறியவர் முதலாளிதான்.

"அது எப்படி!" என்று வாய்விட்டே கத்திவிட்டார்.

"என்ன சொன்னீங்க?"

"அது... என்மேல எப்படி இப்படி ஒரு பழின்னு..." துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "முதல்ல இந்தக் கிழவனை வெளிய தள்ளுறேன்."

"பாவம், விடுங்க. உங்களை மாதிரி யோக்கியருக்கு மன்னிப்புதான் அழகு" என்று இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எத்தனையோ மில் பார்த்துட்டேன். ஒழுங்கா மணி காட்டுற கடிகாரத்தை இன்னைக்குத்தான் பார்க்குறேன். இதை இனி ஒரு பய தொடக் கூடாது!"

பையிலிருந்து கம்பியும் ஈயமும் எடுத்துக் கண்ணாடிக் கதவுக்கு அரசாங்க முத்திரை வைத்தார். உடைத்தால் ஜெயில். முதலாளி விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி நன்றி சொன்னார்.

இருவரும் போனார்கள். தறிகள் மறுபடி இரைந்தன.

"கடிகாரத்தையே விலைக்கு வாங்கிட்டான், பாவி!" ஜசிந்தோவின் குரல் உடைந்தது.

இதலினா அவர் காதருகே குனிந்தாள். "கத்தாதே பெரிசு. நீ கரையில உக்காந்து கருவாட்டைக் காவல் காக்குற நேரத்துல, அந்தாளு இறங்கின ஸ்டூல்லயே நான் தினமும் ஏறி முள்ளை முன்னால தள்ளிட்டிருந்தேன். இனிமே என் முழங்காலுக்கு நிம்மதி."

"நீயா! விழுந்து தொலைச்சிருந்தா?"

"மேஸ்திரிதான் ஸ்டூலைப் பிடிச்சுக்குவாரே. அவரும் வீடு போய்ச் சேர வேண்டாமா?"

ஜசிந்தோ அவள் பக்கம் திரும்பினார். "என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"உன்கிட்டயா?" இதலினா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ நேரா இன்ஸ்பெக்டர்கிட்ட போய்ச் சொல்ற ஆளாச்சே!"