சேலான்னா என்ன?

"சேலான்னா நிறுத்துன்னு அர்த்தம் அண்ணி. அந்த இடத்துல மூச்சுகூட விடக்கூடாது!"

"யாரு சொன்னா? சத்தத்தை உயர்த்துன்னு அர்த்தம். உனக்கு நிறுத்தத் தெரிஞ்சா முதல்ல வீட்ல நிறுத்து!"

ஆலயத்துப் பாடகர் குழுவில் வலது வரிசைக்குத் தலைவி மாஸ்டரின் மனைவி. இடது வரிசைக்கு மாஸ்டரின் அக்கா. நடுவில் நின்று கையசைக்கும் மாஸ்டர், இருவரோடும் ஒரே வீட்டில் சாப்பிட்டாக வேண்டியவர்.

சேலா என்பது பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் சில வரிகளின் முடிவில் தனியாக நிற்கும் எபிரெயச் சொல். பாடுகிறவர்களுக்கான குறிப்பு என்பார்கள். என்ன குறிப்பு என்று கேட்டால் படித்தவர்களே தலையைச் சொறிவார்கள். அந்த ஒரு சொல்லால் மாஸ்டர் வீட்டு அடுப்படியில் ஒரு வாரமாகப் பாத்திரங்கள் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தன.

"ஞாயித்துக்கிழமை எபிரெயப் பேராசிரியர் வர்றாரு மாஸ்டர். அந்தச் சொல்லைப் பத்தியே புத்தகம் எழுதினவரு. அவர் முன்னாடி மானத்தை வாங்கிடாதீங்க" என்றார் போதகர்.

"நான் பாத்துக்கறேன் ஐயா."

மாஸ்டர் முதலில் மனைவியை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். அவள் திரும்பியதும் அக்காவை. என்ன பேசினாரோ, இருவரும் சிரித்த முகமாக வந்து அவரவர் வரிசையில் நின்றார்கள். மறுபேச்சே இல்லை.

போதகர் வாயைப் பிளந்தார். "என்ன மாயம் பண்ணீங்க?"

"எல்லாம் பக்குவமா எடுத்துச் சொல்றதுல இருக்கு ஐயா" என்ற மாஸ்டர், தொண்டையைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி அத்தோடு ஒத்திகையை முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பி வழிந்தது. பேராசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாட்டும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சேலா வந்தது.

வலது வரிசை சட்டென்று வாயை மூடியது. இடது வரிசை கூரை அதிர உச்சத்துக்கு ஏறியது. மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. போதகர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இனி தன்னை நம்பி யார் குழுவை ஒப்படைப்பார்கள் என்று எண்ணியபடி மாஸ்டர் பக்கத்து வாசலை நோட்டமிட்டார்.

பேராசிரியர் துள்ளி எழுந்தார்.

"அடடா! பாதிப் பேர் நிறுத்தணும், பாதிப் பேர் உயர்த்தணும்! நிறுத்தமா உயர்வான்னு இத்தனை வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டேன், ரெண்டுமா இருக்கலாம்னு தோணவே இல்லையே! யாரோட யோசனை இது?"

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"நிறுத்தறது என் யோசனைங்க! 'அக்காவுக்கு என்ன தெரியும், நீ சொல்றதுதான் சரி'ன்னு வராந்தாவுல இவரே காதோட காதா சொன்னாரு."

"என்கிட்ட, 'அவளுக்கு என்ன தெரியும், நீ சொல்றதுதான் சரிக்கா'ன்னுல்ல சொன்னான்!" என்றார் அக்கா.

பல வருடங்களில் முதல்முறையாக அக்காவும் தம்பி மனைவியும் ஒருவரையொருவர் கனிவோடு பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து மாஸ்டர் பக்கம் திரும்பினார்கள்.