பதினொரு மணிச் சாப்பாடு

புருசன் செத்து எட்டு மாதம்தான். வருசம் முடிகிற ஆட்டைத் திவசம்கூட இன்னும் வரவில்லை. அதற்குள் சோபனா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொழும்புப் பக்கத்துப் பூங்காவில் தண்ணீரில் சறுக்கி விளையாடப் போகிறாளாம். இந்தக் கதை துறைமுகத்தடியிலிருந்து கோயில் வாசலுக்குப் போய்ச் சேர அரை நாள்கூட எடுக்கவில்லை.

கதையைப் பரப்பியவள் சோபனாவேதான். மருந்துக்கடையில் கூட வேலை செய்கிறவர்களுக்குச் சொன்னாள். சந்தையில் மீன் வெட்டுகிறவருக்குச் சொன்னாள். கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொன்னாள்.

பின்னேரமே அருளம்பலம் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புருசனின் தமையன். கோயில் சபைச் செயலாளர். செத்த வீட்டுக்காரர் ஒரு வருசத்துக்கு என்னென்ன செய்யக்கூடாது என்பதை அவர் ஒரு ஒழுங்கில் சொல்லுவார். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்குவார். ஆகவே சோபனா நிறுத்தவில்லை.

"எனக்கும் அவன் தம்பிதானே, பிள்ளை. இந்த முறை நான் தேர் வடம்கூடத் தொடேல்லை" என்று முடித்தார்.

"ஓம் அத்தான், கண்டனான். நானும் ஒண்டு சொல்லுறன். தீபாவளிக்கு முன்வீட்டிலை வெடி சுட்டவங்கள். சின்னவள் சிரிச்சுப்போட்டாள். திலக்சன் ஓடிப்போய் அவளின்ரை வாயைப் பொத்தினவன். 'சிரிக்காதை, பெரியப்பாவுக்குக் கேக்கும்' எண்டவன். அவனுக்கு ஒன்பது வயசு, அத்தான். அண்டையிலை இருந்து அவன் சிரிச்சதை நான் காணேல்லை. வருசம் முடியுமட்டும் என்னாலை பாத்துக்கொண்டிருக்க ஏலாது."

பதில் இல்லாத இடத்தில் கேள்வி கேட்க வேண்டும் என்பது சபைகளில் பழகியவர்களுக்குத் தெரியும். எந்த நாள் போகிறாய் என்று கேட்டார்.

செவ்வாய் என்றாள். சனி ஞாயிறில் ஒவ்வொரு சறுக்குக்கும் வரிசையில் நின்றே பொழுது போய்விடும். பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் சனம் குறைவு. முதல் நாளே போய் நீர்கொழும்பில் தங்கினால் ஓட்டம் இல்லை.

சாப்பாடு?

வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள். அங்கேதான் வாங்க வேண்டும். ஆனால் உலகத்துக்கெல்லாம் ஒரே நேரத்தில்தான் பசிக்கும். ஆகவே காலையில் ஆளுக்கொரு பணிஸ், பதினொரு மணிக்கே பகல் சாப்பாடு. பிறகு நிழலில் கொஞ்சம் படுத்துக் கிடப்பது. மற்றவர்கள் தட்டும் கையுமாக வரிசையில் நிற்கும்போது சறுக்கெல்லாம் எங்களுக்கு.

ஓய்வாக ஒரு நாளைக் கழிக்க இவ்வளவு திட்டம் வேண்டியிருக்கிறது. கொடியேற்றத்துக்குக்கூட அருளம்பலத்தின் சபை இவ்வளவு யோசித்ததில்லை. ஒவ்வொன்றையும் அவர் இரண்டு தரம் கேட்டார். குற்றப்பத்திரத்துக்கு விபரம் சேர்க்கிறார் என்று சோபனா நினைத்தாள். சேர்க்கட்டும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

எழும்பும்போது, "ஊர் பாக்கும், பிள்ளை" என்றார்.

"பாக்கட்டும். அதுக்குத்தானே சொல்லிப்போட்டுப் போறன்."

புறப்படுகிற நேரம் பார்த்துக் கிண்ணியாவிலிருந்து பயணத்துக்குப் பேசியிருந்த வான்காரர் ஸப்வான் தொலைபேசியில் வந்தார். வானின் ரேடியேற்றர் போய்விட்டதாம், ஒரு நாள் பொறுக்க ஏலுமா தங்கச்சி என்றார். சோபனா தங்குமிடத்தை மாற்றினாள், லீவை மாற்றினாள். செவ்வாய் புதனாகியது. இதை மட்டும் ஊருக்குச் சொல்ல அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

பூங்கா அவள் சொன்னபடியே வெறிச்சென்று கிடந்தது. சின்னவள் தண்ணீரைக் கண்டதும் கத்திக்கொண்டு ஓடினாள். திலக்சன் சறுக்கின் உச்சியில் நின்று முதலில் நாலு பக்கமும் பார்த்தான். தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று நிச்சயமான பிறகு இறங்கினான். அப்போதும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இறங்கினான்.

பதினொரு மணிக்குச் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனார்கள். ஒரேயொரு மேசையில்தான் ஆட்கள். பெரிய தட்டு நிறைய ஃபிரைட் ரைஸ். கோழிக்காலோடு ஒரு பொம்பிளை, தலை ஈரம் காயாத இரண்டு பெடியள், அரைக்காற்சட்டையோடு ஒரு மனுசர். தண்ணீரில் திருநீறு முழுக்கக் கரைந்துபோன நெற்றி என்பதால் சோபனாவுக்கு ஆளை மட்டுக்கட்டக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

அருளம்பலம்.

செவ்வாய்க்கிழமை சோபனா வந்து போயிருப்பாள் என்று கணக்குப் பார்த்திருக்கிறார். நாள் மட்டும்தான் அவருடையது. மற்றதெல்லாம் அவளுடைய திட்டம், பதினொரு மணிச் சாப்பாடு உட்பட.

சின்னவள் பெரியப்பாவின் அரைக்காற்சட்டையைப் பார்த்துக் கெக்கட்டமிட்டாள். திலக்சன் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான்.

அந்தக் கையை எல்லாரும் பார்த்தார்கள். அருளம்பலமும் பார்த்தார்.

"கொழும்பிலை டொக்டரிட்டைக் கண் காட்ட வந்தனாங்கள், பிள்ளை" என்றார். குரல் சபையில் கேட்கிற குரலாக இல்லை. "அப்பிடியே பெடியள் கேட்டாங்கள்… ஊரிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

அவர் மனுசி புஸ்பராணி அக்கா கோழிக்காலைத் தட்டில் வைத்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

சோபனா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், அன்று அவர் உட்கார்ந்த மாதிரியே.

"சொல்லமாட்டன் அத்தான். நீங்கள் சாப்பிட்டு முடியுங்கோ. பிறகு சனம் சாப்பாட்டுக்கு வரும், பெரிய சறுக்கிலை வரிசை இராது. திலக்சனை மடியிலை இருத்திக்கொண்டு இறங்குங்கோ. இறங்கேக்கை நல்லாச் சத்தம் போட்டுச் சிரிக்க வேணும், இவனுக்குக் கேக்கிற மாதிரி."