படகில் பத்துப் பேர்

மெட்ராஸ் பஸ் கிளம்பும் நேரம் பார்த்து என் நாத்தனார் குசுமாவதி பூக்கூடையோடு வந்து நின்றார்.

கூடையில் மல்லிகை, மஞ்சள், குங்குமம். எதற்கு வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

என் மகள் சந்தனா ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பம்பாய் போய், அங்கிருந்து ஆப்பிரிக்கா வரைக்கும் பாய்மரப் படகுப் போட்டியில் போகிறாள். சம்பளத்துக்கு இல்லை, ஆசைக்கு. காலேஜில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்து, மெட்ராஸ் துறைமுகத்தில் படகு ஓட்டப் பழகியவள்.

திருவண்ணாமலையில் கடல் ஏது? வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஊர் எங்களை ஒரு மாதமாக மென்றுகொண்டிருந்தது.

நாத்தனாருக்குக் கடலைப் பற்றிக் கவலை இல்லை. தன் மகன் ஜினராஜுக்குத்தான் சந்தனா என்று, இவள் தூளியில் கிடந்தபோதே சொல்லி வைத்தவர். இப்போது பூ வைத்துவிட்டால் நிச்சயம் முடிந்த மாதிரி. அப்புறம் யாராலும் மாற்ற முடியாது.

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் அந்த ஜினராஜ் என் மகளின் கையை முறுக்கிப் பிடித்து, சிரித்துக்கொண்டே வலிக்கிறதா என்று கேட்டான். நான் பார்த்தேன். அன்று போன தூக்கம் எனக்குத் திரும்பவில்லை.

என் வீட்டுக்காரரும் பார்த்தார். ஆனால் தாயில்லாத பிள்ளையாக அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தது இந்த அக்காதான். அவரிடம் முடியாது என்று சொல்ல இவருக்கு வாய் வராது.

பாம்பும் சாக வேண்டும், கோலும் உடையக் கூடாது. ஜைனர் வீட்டில் சொல்லக் கூடாத பழமொழிதான். எங்கள் நிலைமைக்கு வேறு பழமொழி கிடைக்கவில்லை. அக்காவே வேண்டாம் என்றால்தான் உண்டு.

நாத்தனார் பஸ் படியில் ஒரு காலை வைத்தார். என்ன தோன்றியதோ, தம்பியிடம் திரும்பினார்.

“படகுல எத்தினி பேருடா?”

“இவளோட பத்து பேருக்கா.”

“ராத்திரியும் அதுலயேதானா?”

“நடுக்கடல்ல வேற எங்கக்கா படுக்கறது?”

என் வீட்டுக்காரர் எப்போதுமே கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர்.

படியில் வைத்த கால் கீழே இறங்கியது. பஸ் ஸ்டாண்டே கேட்கிற மாதிரி நாத்தனார் சொன்னார்.

“ஒம்போது தடியனுங்களோட படுத்து எழுந்து வர்ற பொண்ணு எங்க வூட்டுக்கு ஆகாது. வேற எங்கனா பாத்துக்க.”

கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் பார்த்து நடந்தார். பொழுது சாய்ந்தால் ஜைனர் வீட்டில் சாப்பாடு கிடையாது, அதற்குள் வீடு போய்ச் சாப்பிட வேண்டுமே.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. பக்கத்தில் நின்ற பழக்கடைக்காரர் பாவப்பட்டு அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். அவர் அழுதால் தோள் குலுங்காது.

பஸ் நகர்ந்தது. சந்தனா கையாட்டினாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. மகள் நடுக்கடலுக்குப் போகிறாள், நானோ ஒரு வருஷத்துக்கு அப்புறம் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அவரைச் சீண்டினேன்.

“பொய் சொல்ல மாட்டேன்னு விரதம் எடுத்த ஆளாச்சே நீங்க.”

“நான் எங்க பொய் சொன்னேன்? பத்து பேருன்னேன்” என்றார். “பத்தும் பொம்பளைங்களான்னு அக்கா கேக்கலியே.”