நவமணி படித்த அல்வா

"புத்தகத்தைத் தர மாட்டேன்ணே. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க."

நவமணி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகம் இவளுடையதா? என் பெண்சாதி இருளாயி ஈப்போ பட்டணத்தில் ஆசைப்பட்டு வாங்கிய சமையல் புத்தகம். மதராஸில் அச்சடித்துக் கப்பலில் வந்தது. இருளாயி சீக்கில் கிடந்தபோது இவள் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். இருபத்தாறாம் வருசம் மார்கழியில் இருளாயி போய்ச் சேர்ந்தாள். புத்தகம் மட்டும் திரும்பி வரவில்லை.

"நாளைக்கு அவளுக்குத் தலைத் தெவசம். அவ தீவாளிக்குக் கிண்டுற அல்வாவ இலையில வைக்கணும். அளவு எனக்குத் தெரியாது. புத்தகத்தைக் குடு."

"நானே கிண்டிக் கொண்டாந்து தாரேன்ணே."

"உன் கையால வேணாம். எங்களுக்குப் புள்ளையா குட்டியா? நான்தான் செய்யணும், நானே செஞ்சுக்கிறேன். குனோங் ராபாட்டுல நீ எங்க மானத்த வாங்கினது போதும்."

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அதை நான் மறக்கவில்லை. நான் எதையும் சுலபத்தில் மறக்கிறவன் இல்லை.

சிலிம் ரிவர் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், பெண்களில் படிக்கத் தெரிந்தவள் நவமணி ஒருத்திதான். வேதக்கார வீட்டுப் பெண், பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நானும் எழுத்துக் கூட்டுவேன். ஆனால், "நீங்க ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள உலையே வத்திப்போவும்" என்பாள் இருளாயி.

அதனால் தீபாவளிக்கு முதல் நாள் நவமணி எங்கள் அடுப்படிக்கு வந்து புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்காருவாள். அவள் படிப்பாள், இருளாயி கிண்டுவாள், நான் கிழங்கு துருவுவேன்.

"மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழியவும். தேங்காய்ப் பாலில் வெல்லத்தைக் கரைக்கவும்."

கோயில் பிரசங்கம் மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசிப்பாள். லயத்தில் புத்தக அல்வா தின்கிற வீடு எங்கள் வீடு ஒன்றுதான். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட.

அந்தக் கர்வத்தோடுதான் ஒரு தடவை, குனோங் ராபாட்டில் இருக்கும் மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த அல்வாவைத் தூக்கிக்கொண்டு போனோம். மச்சான் பெண்சாதி வீரம்மா ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள்.

"இதுவா புத்தக அல்வா? மலாய்க்காரங்க விக்கிற கிழங்குப் பலகாரமில்ல இது! உங்களுக்குப் படிச்சுச் சொன்னவ நல்லா வெளையாடிருக்கா அண்ணே!"

பந்தியே சிரித்தது.

அன்றைக்கு நவமணியோடு பேச்சை நிறுத்தினேன். இருளாயிக்கு மட்டும் கோபமே வரவில்லை. அடுத்த தீபாவளிக்கும் இவளையே கூப்பிட்டாள். நான் வாசலில் உட்கார்ந்துகொண்டேன். அல்வாவை மட்டும் தின்றேன்.

"குடு" என்று கையை நீட்டினேன்.

நவமணி வாசலை விட்டு நகர்ந்தாள். பிறகு உள்ளே போய் எடுத்துவந்தாள்.

"படிக்க வேணாம்ணே. அளவ நான் சொல்றேன், கேட்டுக்குங்க."

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

மத்தியானம் முழுக்க எழுத்துக் கூட்டினேன். காலையில் பால் மரம் வெட்டிய கை ஒரு பக்கம் வலித்தது, கண் ஒரு பக்கம் எரிந்தது. அல்வாப் பக்கம் ஒருவழியாகக் கிடைத்தது.

கோதுமைப் பால். நெய். கொஞ்சம் கிண்டிய பிறகு இன்னும் நெய். குங்குமப்பூ. வாதுமைப் பருப்பு என்று ஒன்று. அது எந்த ஊரில் காய்க்கிறதென்றே எனக்குத் தெரியாது.

மரவள்ளி எங்கே?

முன்னும் பின்னும் புரட்டினேன். அப்படி ஒரு சொல்லே இல்லை.

வீரம்மா சொன்னது சரியாகப் போய்விட்டது. அத்தனை வருசமும் எங்களை உட்காரவைத்து ஏமாற்றியிருக்கிறாள். அதனால்தான் புத்தகத்தைத் தர அவ்வளவு பயம்.

வெயில் தாழ்ந்ததும் போனேன். நவமணி முறத்தை முன்னால் வைத்து மரவள்ளி துருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். புத்தகத்தை அவள் காலடியில் போட்டேன்.

"எங்க இருக்கு மரவள்ளி? காட்டு!"

"இல்லண்ணே."

"தேங்காப்பாலு?"

"அதுவும் இல்ல."

"அப்போ வருசா வருசம் பொய்தானே படிச்சே? இவனுக்கு என்ன தெரியப்போவுதுன்னு நெனச்சியா? ஞாயித்துக்கிழமை வேதம் படிக்கிற வாய்தானே அது?"

லயத்தில் நாலு வீட்டுக் கதவு திறந்தது. நவமணி யாரையும் பார்க்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்து புத்தகத்தை எடுத்தாள்.

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். நீங்களே படிச்சுட்டீங்க. இனிமே என்ன இருக்கு?"

"யாருக்குக் குடுத்த வாக்கு?"

"இருளாயிக்குத்தான். மொதத் தடவ அவளுக்கு மட்டும் தனியா, உள்ளத உள்ளபடிதான் படிச்சுக் காட்டினேன். நெய்யின்னதும் என் கையப் புடிச்சுக்கிட்டா. 'அவரு முன்னால இப்படிப் படிச்சிராத புள்ள. வாங்கித் தர முடியலியேன்னு மனசு ஒடிஞ்சிருவாரு. என் அடுப்படியில என்ன இருக்கோ, அதையே படி'ன்னா."