கைகளுக்குக் காவல்

வாருங்கள்! நாற்காலியில் அமர வேண்டாம். சாட்சிக் கூண்டில் ஏறி நில்லுங்கள். பட்டப்பகலில், ஊரார் பார்த்திருக்க, ஒரு பெண் தன் கணவனின் கைகள் இரண்டையும் மடியில் இழுத்து வைத்து இறுகப் பற்றியிருக்கிறாள். பின்வரிசை வெள்ளைக்காரத் தம்பதியர் அதைக் காதல் என்று எண்ணிப் புன்னகைக்கிறார்கள். நான் அதைக் குற்றம் என்கிறேன்.

ஆண்டு 1996. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஒரு கடையின் மாடியறை. ஸ்பெயினிலிருந்து ஊர் ஊராக ஆடிவரும் ஃப்ளமெங்கோ நடனக் குழுவுக்கு மேடைகூட இல்லை. தரையில் ஒரு மரப்பலகை. ஆணி அறைந்த காலணியோடு ஒருத்தி அதன்மேல் ஆட, ஒருவர் கிதார் மீட்ட, இன்னொருவர் மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே முழவாக்கி அறைந்துகொண்டிருந்தார். ஆடுபவளின் பாவாடை சுழன்றால் முன்வரிசையின் முழங்கால்களை உரசும். அவ்வளவு சிறிய அறை.

"விடு தமயந்தி, வலிக்குது," என்றான் கணவன் மாரிசாமி.

"உங்க விரல் சும்மா இருக்க மாட்டேங்குதே! பக்கத்துல அப்பா இருக்காரு."

அவளுக்கு மறுபுறம் அவள் தந்தை சுப்பிரமணியன். உறவென்று ஒருவரும் வந்துபோகாத கோயம்புத்தூர் வீட்டில் மகளை வளர்த்து, வங்கி வேலையில் ஓய்வு பெற்று, இப்போது அவளைப் பார்க்க வந்திருப்பவர். சான்ட்ரிங்ஹாம் பகுதியில் ஒரு மளிகைக் கடைக் கண்ணாடியில் சுவரொட்டியைக் கண்டு, இந்த ஆட்டத்துக்குப் போயே தீர வேண்டும் என்று அடம்பிடித்தவரும் அவரே. வந்த பிறகோ, உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் திணித்து அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"குளிருதாப்பா?"

"ஆமா கண்ணு, ஒரே குளுரு." அவர் நெற்றியில் வேர்வை மின்னியது.

மாரிசாமி இன்று கணினிப் பொறியாளன். அவன் தந்தையோ பறையடிப்பவர். ஊரில் எவர் இறந்தாலும் அவர் போய் அடிக்க வேண்டும். அடித்து ஓய்ந்தபின் கொல்லைப்புறத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆக்லாந்துப் பதிவு அலுவலகத்தில் மணம் முடித்த அன்று, தமயந்தி தொலைபேசியில் தன் தந்தையிடம் சொன்னது ஒரே ஒரு பொய்: "நம்ம ஆளுங்கதாம்ப்பா."

கடவுச்சீட்டைக் கேட்ட அதிகாரி சாதியைக் கேட்கவில்லை. ஆயினும் அது கடல் கடந்து வந்துவிட்டதே, சுமந்து வந்தவர் யார்?

'எந்த ஊரு, எந்தத் தெரு' என்று அப்பா கேட்கும் நேரத்தை எண்ணி அவள் நடுங்கினாள். அவரோ வந்த நாளாகக் கேட்கவே இல்லை. கேட்காதது அவளை இன்னும் குத்தியது. கூடத்தில் மாட்டியிருந்த மாமனார் படத்தை, பறையோடு அவர் சிரித்து நிற்கும் அந்த ஒரே படத்தை, அப்பாவின் விமானம் இறங்குமுன் கழற்றித் துணி அலமாரியில் குப்புற வைத்தவள் அவளல்லவா!

ஆட்டம் உச்சத்தை எட்டியது. கடைசிப் பாட்டில் பார்வையாளர் ஒருவரை அழைத்து வாசிக்கச் சொல்வது அந்தக் குழுவின் வழக்கம். பெட்டிக்காரர் எழுந்து மாரிசாமியை நோக்கிக் கைநீட்டினார். கைகளுக்குத்தான் காவல் இருந்தது. அவன் பாதம் தாளம் தவறாமல் தட்டிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"போகாதீங்க," என்று கெஞ்சினாள் தமயந்தி. "எம்மேல சத்தியம்."

"எங்கப்பா படத்தக் கழட்டுனப்பகூட நான் ஒண்ணும் சொல்லல, தமயந்தி."

அவள் பிடி தானே தளர்ந்தது.

பெட்டியில் அமர்ந்தவன் முதலில் விருந்தாளிபோல் மெல்லத் தட்டினான். பிறகு விரல்கள் அவன் சொல் கேட்கவில்லை. சாவு வீட்டு வாசலில் பறை எழுப்பும் அந்த அடி, அந்நிய நாட்டு மாடியறையில் இடியென இறங்கியது. ஆடுபவளின் குதிகால் அதை வாங்கி அப்படியே திருப்பித் தந்தது. "ஓலே!" என்ற ஆரவாரத்தோடு அறையே எழுந்தது.

சுப்பிரமணியனும் எழுந்தார். முகம் கறுக்க, உதடு துடிக்க, மருமகனை நோக்கி நடந்தார். தமயந்தி கண்களை மூடிக்கொண்டாள்.

அடி நின்றது. மாரிசாமி பெட்டியை விட்டு எழுந்தான். "மன்னிச்சிருங்க மாமா. எங்கப்பா பறையடிக்கிறவரு. உங்ககிட்ட பொய் சொல்லிட்டோம்."

அவன் விட்ட பெட்டியில் கிழவர் உட்கார்ந்தார். நசுங்கிச் சிவந்திருந்த இரண்டு கைகளையும் விரித்து, உதறி, பெட்டியின் முகத்தில் வைத்தார்.

"எங்கப்பாரு பறையில, முடிக்கறப்ப இன்னும் ரெண்டு தட்டு விழுமுங்க மாப்ளே."

சாட்சிகளே, கூண்டை விட்டு இறங்கி வீட்டுக்குப் போங்கள். அலமாரியில் குப்புறக் கிடக்கும் படத்தை எடுத்துக் கூடத்தில் மாட்டுங்கள்!